தேவா காதில் இல்லாத சத்தம்

மூன்றாவது இயர்போனும் சரியில்லை. தேவசகாயம் அதைக் காதிலிருந்து உருவி, நுனியில் இருந்த ரப்பரைக் கைக்குட்டையால் துடைத்து, கண்ணாடி மேஜையில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் ஒரே கதை. பாட்டு இருக்கிறது, வயலின் இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது, ஆனால் எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்கின்றன. தம்புராவின் நாதம் அடியில் ஓடுகிறது, அதன் மேல்முனையில் இருக்கவேண்டிய மினுக்கு மட்டும் இல்லை. இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காகச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார். டப்பாவைப் பார்த்தால் நகைப்பெட்டி தோற்றுப்போகும், உள்ளே இருப்பது கொட்டாங்கச்சி. இதை நினைத்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொரு எண்ணம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்க்காத மாதிரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பத்து. ஐந்தரைக்குக் கச்சேரி. நாலு மணிக்காவது சபாவுக்குள் நுழைந்தால்தான் மைக்குகளை நிறுத்தி, வயர்களை இழுத்து ஒட்டி, ஒரு வாய் காபி குடித்துவிட்டு உட்கார முடியும். ரிச்சி தெருவிலிருந்து மயிலாப்பூருக்கு அரை மணி. இல்லை, இன்று வெள்ளிக்கிழமை, கோயில் கூட்டம், முக்கால் மணி என்றே வைத்துக்கொள்ளலாம். முப்பத்தொரு வருஷமாகக் கச்சேரிகளைப் பதிவு செய்கிற மனிதன் ஓர் இயர்போன் எடுக்க இவ்வளவு நேரமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது காலால் மிதித்து நிறுத்தினார்.

கடை மாடியில் இருந்தது. ஆறடிக்குப் பத்தடி. காதில் வைக்கிற சாமான்களைத் தவிர வேறெதையும் அங்கே விற்பதில்லை. கடைக்காரி ஷமீமாவுக்கு முப்பது வயதிருக்கும். வந்தவுடன் எதற்காக வேண்டும், சும்மா பாட்டு கேட்பதற்கா, வேலைக்கா என்று கேட்டிருந்தாள். அவர் விளக்கமாகவே சொன்னார். தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னால் அவருக்குப் பசி தெரியாது. மேடைக்குப் பக்கவாட்டில், திரைச்சீலை ஓரமாக அவர் மேஜை. அங்கிருந்து எட்டடியில் மிருதங்கம். அதன் சத்தம் காற்று வழியாகவே காதுக்கு வந்துவிடும். அப்போது நேரில் கேட்பது எவ்வளவு, பதிவில் விழுவது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதனால் வெளிச்சத்தத்தை அறவே அடைக்கவேண்டும், உள்ளே வருவது பதிவாகிற சத்தம் மட்டுமாக இருக்கவேண்டும், அதையும் மெருகு போடாமல் உள்ளது உள்ளபடி காட்டவேண்டும். மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லவேண்டும். பொய் சொல்லாத இயர்போன் வேணும்னு சொல்லுங்க சார் என்று சிரித்துக்கொண்டே நாலைந்து டப்பாக்களை எடுத்துப் பிரித்து வைத்தாள். பழையதற்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, அது முத்திப்போச்சும்மா என்றார். முத்திப்போனதாம். எட்டு வருஷ ஹெட்போன். இரண்டு முறை பஞ்சு மாற்றியாயிற்று. போன வருஷக் கடைசியிலிருந்து அதில் கீச்சென்கிற மேல்சத்தம் மங்கிவிட்டது, அதைச் சரிக்கட்ட அவர் ஒவ்வொரு பதிவிலும் மேல்சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஹெட்போன் முத்துமா என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. வயதானால் எல்லாமும்தான் முத்துகிறது.

பரிசோதித்துப் பார்க்க அவர் போனில் நாற்பது கச்சேரிகள் இருந்தன. நாகஸ்வரம் இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது, மார்கழியில் பதிந்த நல்ல வீணை ஒன்று இருக்கிறது. அவ்வளவையும் விட்டுவிட்டு விரல் போய் நிற்பது என்னவோ இரண்டு மாசத்துக்கு முந்தைய அந்தக் கச்சேரியில்தான். பாடகி மதுரவல்லி அம்மாவின் கச்சேரி. கடைசியாகப் பதிந்த முழுக் கச்சேரி அது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார். கடைசியாகப் பதிந்தது அது அல்ல, அதற்கப்புறம் நாலு பதிந்திருக்கிறார். சரி, அம்மாவுக்குத்தானே இன்றும் கச்சேரி, அவர் குரலில் சோதித்தால்தானே பொருத்தம் என்று வேறொரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தார். இது கொஞ்சம் நின்றது. அதே கச்சேரியைச் சபாக்காரர்கள் வலையில் ஏற்றியபோது, எந்தத் தேசத்திலிருந்தோ ஒருவன் கீழே எழுதியிருந்தான், பின்னால் விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது, கவனிக்கவும் என்று. உன் ஹெட்போனை மாத்துப்பா என்று தேவசகாயம் மனசுக்குள்ளேயே அவனுக்குப் பதில் போட்டு, மறந்துவிட்டார். நன்றாக மறந்துவிட்டார். எழுதியவன் பெயர், எழுதிய தேதி, அன்று தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எலுமிச்சை சாதம் என்பது உட்பட எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு மறந்துவிட்டார்.

மதுரவல்லி அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. தம்புரா சுருதி சேர்ந்து, வயலின் சேர்ந்து, மிருதங்கத்தில் கல்லால் தட்டிச் சரி பார்த்தபின், அவர் ரசிகர்களைப் பார்ப்பதில்லை, பக்கவாத்தியங்களைப் பார்ப்பதில்லை, கழுத்தை இடது பக்கம் திருப்பி தேவசகாயத்தின் மேஜையைப் பார்ப்பார். தேவசகாயம் ஹெட்போனை இரு கையாலும் அழுத்திக் கண்ணை மூடிக் கேட்டு, ஒருமுறை தலையசைப்பார். அதற்கப்புறம்தான் அம்மா வாய் திறப்பார். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஒரு கிறிஸ்தவர் தலையசைத்தால்தான் அம்மாவுக்கு விநாயகர் மேல் பாட்டு வரும் என்று சபாவில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவருக்குப் பிடிக்கும். இரண்டு மாசத்துக்கு முன்பும் அப்படித்தான் தலையசைத்தார். இரண்டாவது உருப்படி முடிந்ததும் வயலின் ஸ்ரீவத்சன் வில்லைத் தாழ்த்திவிட்டுக் குனிந்து ஏதோ சொன்னான். முப்பத்துநாலு வயது, நல்ல கை, பணிவான பிள்ளை. காலடியில் வைத்திருக்கிற சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு விசில் வந்துகொண்டே இருக்கிறது, சுருதியோடு மோதுகிறது, விரல் வைக்க முடியவில்லை என்றான். சபாவின் மைக்காரர் வந்து குனிந்து கேட்டுவிட்டு ஒன்றும் இல்லையே என்றார். அம்மா இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். தேவசகாயம் கண்ணை மூடினார். அரை நிமிஷம் முழுசாகக் கேட்டார். இதில் அவர் மேல் குறை சொல்ல முடியாது, உண்மையாகவே கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினார். "தேவா காதுல இல்லைன்னா இல்லை. நீ வாசி" என்று அம்மா சொன்னது மைக்கில் விழுந்து, கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குமேல் அந்தப் பையன் எப்படி வாசிப்பான். மேல் ஸ்தாயியில் விரல் இடம் தேடியது. அம்மா பாடிக்கொடுத்ததை நூலிழை தள்ளித் திருப்பிக் கொடுத்தான். அம்மா ஒரே ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்த உலகத்தில் அந்தப் பார்வை போதும். அடுத்த மாசக் கச்சேரிகளுக்கு வேறு வயலின். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பாடகர்கள் வேறு வயலின். நடு மேடையில் பிகு பண்ணுகிறவன் என்று பெயர். அந்தப் பெயர் தானாகவா பரவியது? சபா கேன்டீனில் ரவா தோசையைப் பிய்த்துக்கொண்டே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆரம்பித்து, ஸ்ரீவத்சன் குனிந்ததையும் வில்லைத் தாழ்த்தியதையும் நடித்துக்காட்டி, எட்டுப் பேரைச் சிரிக்க வைத்தது தேவசகாயம்தான். அன்றைக்கு அது நல்ல தமாஷாகத்தான் இருந்தது.

நாலாவதை ஷமீமா எடுத்து நீட்டினாள். கறுப்பு, கனம் இல்லாதது, காதின் வளைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே தெருவின் ஹாரன்கள் அப்படியே அடங்கின. பாட்டை ஓடவிட்டார். ஓடவிட்ட மறுகணமே முதுகு நிமிர்ந்தது. இதோ. இதுதான். தம்புராவின் மினுக்கு திரும்பி வந்துவிட்டது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக, உடைத்த கற்கண்டு மாதிரி விழுகிறது. அம்மாவின் வாயில் 'ச' வரும்போது பல்லிடுக்கில் காற்றுப் போகிறதே, அதுகூடக் கேட்கிறது. ஒரு வருஷமாக வீட்டுச் சன்னல்களில் படிந்திருந்த தூசியை யாரோ துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படியானால் ஹெட்போன்தான். ஹெட்போன்தான் முத்திப்போயிருந்தது, தான் அல்ல. ஆண்டவரே உமக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொல்லியிருப்பார், கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றதால் அடக்கிக்கொண்டார். சந்தோஷம் வந்ததும், அவ்வளவு நேரம் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததெல்லாம் இனிப் பயமில்லை என்று தானாகவே உள்ளே வந்தது. பேரனுக்குக் காய்ச்சல் வந்த அன்று அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அது கத்தும் கத்தும் என்று இவர் காத்துக்கொண்டே இருந்தது. அது எப்பவோ கத்திடுச்சு, உங்களுக்குக் கேக்கலையா என்று சமையலறையிலிருந்து மனைவி ரோஸலின் வந்து எடுத்தது. குழம்பு கொதிக்கிற சத்தத்தைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கிறது. பேட்டரி போயிருக்கும் என்று இவர் சொன்னது. மழை விட்ட ஒரு சாயங்காலம், மெட்ராஸில் இப்போதெல்லாம் சிள்வண்டே இல்லை, எல்லாம் கட்டடமாகிவிட்டது என்று இவர் வருத்தப்பட்டதற்கு ரோஸலின் சன்னலையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தது. பங்குக் கோயிலில் இலவசக் காது பரிசோதனை முகாம் நடந்தபோது மைக் செட் முழுக்க இவரே இலவசமாகப் போட்டுக்கொடுத்துவிட்டு, சாமியார் நீங்களும் ஒருதரம் பாத்துக்குங்களேன் என்றதற்கு, என் காதையா ஃபாதர் என்று சிரித்துவிட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், ஹெட்போன் என்று சொல்லிப் பார்த்தார். தெர்மாமீட்டரையும் சிள்வண்டையும் அவர் ஹெட்போனில் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தட்டியது. கால் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

நல்ல பொருள் கிடைத்தால் இன்னொருவரும் பார்த்து ஆமாம் என்று சொன்னால்தான் மனுஷனுக்குத் திருப்தி. இதைக் கொஞ்சம் கேட்டுப் பாரும்மா, மிருதங்கம் எப்படி விழுது பாரு என்று கழற்றி நீட்டினார். ஷமீமா ரப்பரை மாற்றிக்கொண்டு, முக்காட்டை விலக்கிக் காதில் வைத்தாள். இரண்டு விநாடி இருக்காது. முகம் சுளித்து ஒன்றை உருவினாள். இது காதைக் குத்துது சார், இந்த மாடலை யாரும் வாங்கறதே இல்லை, கூர்மை ஜாஸ்தின்னு மூணு தடவை ரிட்டர்ன் வந்திருக்கு என்றாள். அப்புறம் இன்னொரு காதில் இருந்ததை விரலால் அழுத்திக்கொண்டு தலையைச் சாய்த்தாள். "பாட்டுக்குப் பின்னாடி ஒரு விசில் ஓடிக்கிட்டே இருக்கே சார்." அது இயர்போனில் இருக்கும் என்றார் தேவசகாயம். அப்படிச் சொன்னது அவர் குரல் மாதிரி இல்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது, மூன்றாவதை எடுத்து மாட்டினாள். இதிலும் இருக்கிறது, கொஞ்சம் குறைவு என்றாள். இரண்டாவது. இருக்கிறது. பையிலிருந்து இவருடைய பழைய ஹெட்போனை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மாட்டிக்கொண்டு, இந்த ஹெட்போன் நல்லாத்தானே இருக்கு சார், எதுக்கு மாத்தறீங்க என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள். விசில் என்று கேட்டார். இருக்கிறதாம். அவள் தன் போனிலிருந்து ஏதோ ஒரு பாட்டைப் போட்டாள். அதில் இல்லையாம். அப்ப உங்க ரெக்கார்டிங்லதான் இருக்கு சார் என்று, ஒரு பொருளின் விலையைச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும். ஹெட்போனை வாங்கித் தேவசகாயம் தன் காதில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடினார். அம்மா பாடிக்கொண்டிருந்தார். வயலின் பின்னால் வந்தது. தம்புரா. யாரோ முன்வரிசையில் இருமினார்கள், அது கேட்டது. ஸ்ரீவத்சன் மோதிர விரலால் வயலின் கழுத்தைத் தட்டியது, அது கேட்டது. விசில் இல்லை. மனசு நினைக்கிற இடத்தில் எல்லாம் ஒன்று கேட்கிற மாதிரி இருந்தது, கூர்ந்தால் இல்லை.

அப்போது அவர் செய்ததை வேறு யாரும் செய்திருப்பார்களா தெரியாது, தொழில்காரன் புத்தி அது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி ஷமீமாவிடம் ஒரு பிரிப்பானை வாங்கிச் செருகி, ஒரு ஜோடியை அவளுக்குக் கொடுத்தார், பழையதைத் தான் மாட்டிக்கொண்டார். அந்தச் சத்தம் நிக்கிற இடத்தில விரலைத் தூக்கும்மா, போதும் என்றார். போனைத் தன் பக்கம் சாய்த்து வைத்தார், அவளுக்குத் திரை தெரியக்கூடாது. பாட்டைத் தள்ளித் தள்ளி ஓட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலை மேஜையில் வைத்திருந்தாள். வந்திருந்த இரண்டு பேரில் ஒருவர் விலை கேட்டதற்குக்கூடக் கண்ணைத் திறக்காமல் கை காட்டி நிற்கச் சொன்னாள். முதல் உருப்படி, விரல் அசையவில்லை. இரண்டாவது, அசையவில்லை. அம்மா பேசியது, கூடம் சிரித்தது, ஷமீமாவின் உதட்டிலும் சிரிப்பு வந்தது, விரல் அசையவில்லை. ராகம், நிரவல், ஸ்வரம், எல்லாம் போயிற்று. பதிவில் ஒரு மணி பன்னிரண்டாவது நிமிஷம். மிருதங்கம் தனி ஆவர்த்தனத்துக்கு எடுத்துக்கொண்டது. ஷமீமாவின் விரல் எழுந்தது. தனி ஆவர்த்தனத்தில் வயலினுக்கு வேலை கிடையாது. அங்கே பதிவில் வயலின் மைக்கின் சத்தத்தை அறவே இறக்கிவிடுவது முப்பத்தொரு வருஷமாக அவர் பழக்கம். அன்றும் அவர் கையால் இறக்கினார். அவர் வயலின் மைக்கை இறக்கிய அந்த இடத்தில் விசில் நின்றிருக்கிறது. பதினெட்டு நிமிஷம் தனி ஓடியது, முழுவதையும் கேட்கவில்லை, கடைசிக்குத் தள்ளினார், வயலின் மைக்கைத் திரும்பத் தூக்கிய இடத்தில் அவள் விரல் மேஜைக்கு இறங்கியது. சொன்னானே. காலடி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று சொன்னானே. அங்கிருந்து அவன் மைக்குக்குள் போய், மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்கு வந்து, சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இவ்வளவு பெரிய கூடத்தில் வேறு யாருக்கும் ஏன் கேட்கவில்லை என்றால், யாருக்குக் கேட்கும்? வயதானால் காதில் முதலில் போவது மேல்சத்தம்தான். மைக்காரருக்கு அறுபத்துமூன்று. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. முன்வரிசையில் ஓய்வுபெற்ற நீதிபதிகள், வங்கி மேலாளர்கள், காதில் மிஷின் வைத்த மாமிகள். அந்தக் கூடத்தில் ஐம்பதுக்குக் குறைந்த தலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நானூறு பேரில் காது இருந்தவன் ஒருவன், அவனைப் பார்த்து நானூறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

போன் அதிர்ந்தது. மதுரவல்லி அம்மா. எடுக்காமல் இருக்க முடியாது, எடுத்தார். அம்மா சந்தோஷமாகப் பேசினார். கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டார், இன்றைக்குக் கூட்டம் வருமாம் என்றார், புது வயலின் பையன் பயந்துகொண்டிருக்கிறான் என்றார், நீங்க அங்க உக்காந்திருந்தா எனக்குக் கவலையே இல்லை தேவா என்றார். சரிம்மா என்றார் இவர். வரேம்மா என்றார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கின் அடியில் ஏதோ உருண்டது, வச்சிடறேம்மா என்றுதான் வெளியே வந்தது. வைத்த பிறகு, இப்போது எதற்கு அவரைக் கலவரப்படுத்த வேண்டும், கச்சேரி முடியட்டும் என்று ஒரு நியாயம் வந்தது. கச்சேரி முடிந்தால் அடுத்த கச்சேரி வரும், அது முடியட்டும் என்று சொல்லலாம். ஒரு வயர் கெட்டுப்போயிருந்தது என்று சொல்லிவிடலாம், வயருக்கு வாய் கிடையாது. அந்தப் பதிவையே அழித்துவிடலாம். சபாக்காரர்களிடம் சொல்லி வலையிலிருந்தும் எடுத்துவிடலாம். அப்புறம் ஷமீமா மட்டும்தான் சாட்சி, அவளுக்கு ஸ்ரீவத்சன் யாரென்றே தெரியாது. இந்த நாலாவது இயர்போனை வாங்கிக்கொண்டு போனால் ஒரு வருஷம் ஓட்டலாம், இரண்டு வருஷம் ஓட்டலாம், இருப்பதை உரக்கச் சொல்லுகிற இயர்போன், நொண்டிக்குக் கோல். இல்லை. அது பாதிதான் உண்மை. அந்த விசிலை இதுவும் அவருக்குச் சொல்லவில்லையே. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். காது போன ரெக்கார்டிங்காரர். கேன்டீனில் அவர் நடித்துக்காட்டிய அதே மேஜையில் இன்னொருவன் உட்கார்ந்து, ஹெட்போனை அழுத்திக் கண்ணை மூடித் தலையாட்டுகிற மாதிரி நடித்துக்காட்டுவான். எட்டுப் பேர் சிரிப்பார்கள். பயமாக இருந்தது. அப்பட்டமான பயம், வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன் வருகிற மாதிரி. ஐம்பத்தாறு வயதில் வேறு என்ன தெரியும் அவருக்கு, இந்த இரண்டு காதை விட்டால். அந்தப் பையனுக்கு மட்டும் என்ன தெரியுமாம், அந்த வயலினை விட்டால். இந்த இடத்தில் வந்து எண்ணம் சிக்கிக்கொண்டது. எப்படி இழுத்தாலும் அவிழவில்லை. தண்ணீர் குடிக்கறீங்களா சார் என்று ஷமீமா கேட்டாள். இரண்டு ஐம்பது ஆகியிருந்தது.

ஸ்ரீவத்சனின் எண் போனில் இருந்தது. இரண்டு மாசமாக இவரும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. மணி அடித்துக்கொண்டே போனது. எடுக்கவேண்டாம், எடுக்காதே என்று தேவசகாயம் வேண்டிக்கொண்டிருந்தபோது அவன் எடுத்துவிட்டான். சொல்லுங்கோ சார் என்றான், தூங்கி எழுந்தவன் மாதிரி. நலம் விசாரிக்க ஆரம்பித்தால் அதிலேயே ஒளிந்துகொண்டுவிடுவோம் என்று தெரிந்ததால் நேராகவே சொன்னார்.

"அன்னைக்கு அந்த விசில் இருந்துச்சு தம்பி. ரெக்கார்டிங்ல இருக்கு. நீ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் கேக்கலை. என் காது போயிடுச்சு."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்தார், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் காதுக்குக் கேட்காமல் இருக்கிறதோ என்று அடுத்த காதுக்கு மாற்றினார். அப்புறம் ஸ்ரீவத்சன் பேசினான், மெதுவாக, அடுத்தவன் கதையைச் சொல்கிற மாதிரி. அன்றைக்கு மறுநாளே காது டாக்டரிடம் போனானாம். பரிசோதித்துவிட்டு, காது முழுசாக நன்றாக இருக்கிறது என்றாராம். நம்பிக்கை இல்லாமல் இன்னொருவரிடம் போனானாம், அவரும் அதையே சொன்னாராம். காதும் நன்றாக இருக்கிறது, தேவா சார் சத்தமே இல்லை என்கிறார், அப்படியானால் அது தலைக்குள்தானே இருக்கவேண்டும் என்று மூன்றாவதாக வேறொரு டாக்டரிடம் வீட்டில் உள்ளவர்களே கூட்டிப்போனார்களாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டால் மத்தியானம் வரை தூக்கம். பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தால், அந்த விசில் எப்போது வரும் எப்போது வரும் என்று கை நின்றுவிடுகிறது, அதனால் திறப்பதில்லை. "இருக்கா இல்லையான்னே தெரியாமப் போயிடுத்து சார்" என்றான். தேவசகாயம், இப்பவே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்கிறேன், சாயங்காலம் கச்சேரிக்கு முன்னால் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றார். நான் இனி அந்த மேஜையில் தலையாட்ட உட்கார மாட்டேன் என்றும் சொன்னார்.

"மதுரவல்லி மாமிகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம் சார்" என்றான் ஸ்ரீவத்சன். "ஸ்பீக்கர்ல போடறேன். எங்கம்மா, ஆத்துக்காரி எல்லாரும் இங்கதான் இருக்கா. எனக்கு என்னமோ ஆயிடுத்துன்னுதான் அவாளும் நெனச்சுண்டிருக்கா. இன்னொரு தடவை சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. யாரோ டிவியை நிறுத்தினார்கள். தேவசகாயம் எழுந்து நின்றார். அந்தச் சின்னக் கடையில், விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, ஷமீமா கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்க, அன்றைக்கு அந்தச் சத்தம் இருந்தது, உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, குறை என் காதில் என்று தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ஒரு பெண் அழுகிற சத்தம் வந்தது. தாயாரா மனைவியா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் கேட்காமலே மூன்றாம் தடவையும் சொன்னார்.